ஆறு மாதப் பயணமாக அமெரிக்கா புறப்படும் பெற்றோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலையும் வீடுமாக அமர்ந்துவிட, ஓய்வு பெற்ற பெற்றோர் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று அங்கே போய்த் தங்கி வருவது தமிழ்நாட்டில் இன்று தெருவுக்கு நான்கு வீடுகளில் நடக்கும் வழக்கமாகிவிட்டது. தாம்பரத்துக்கு அப்பால் உள்ள எங்கள் தனி வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் மனைவியும் நான்கு முறை நியூ ஜெர்சிக்குப் போய் வந்திருக்கிறோம். எங்களுக்கு அடுத்துப் புறப்பட்ட நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளே இவை. எல்லோரும் முதலில் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்த சிக்கல்களோ பெரும்பாலும் விட்டுவந்த வீட்டிலிருந்துதான் முளைத்தன. ஆகவே இங்கேயும் வீட்டுக்கே அதிக இடம்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டுமே உள்ளது, குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அதனால் தொல்லை உண்டா?

உண்டு, ஆனால் சமாளிக்கக்கூடியதுதான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்வது நம் வழக்கம். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை என்பதால், பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒற்றைப் பெயர் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகவும், இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்துகளும் அச்சாகும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. விமான டிக்கெட் படிவமோ இரண்டு பெயர்களையும் கேட்கும். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பே, பெயரை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று விமான நிறுவனத்திடமோ முகவரிடமோ கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் திருத்துவதற்குக் கட்டணமும் அலைச்சலும் ஆகும்.

வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கி ஊர் பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெயரைப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்குவதாக இருந்தால், அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். விசாவில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயருமாக விமான நிலையக் கவுன்ட்டரில் நிற்பது யாருக்கும் வேண்டாத அனுபவம்.

கேள்வி: விசா பத்து ஆண்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஓராண்டு தங்கலாமா?

கூடாது. பார்வையாளருக்கான பி1/பி2 விசாவில் உள்ள பத்து ஆண்டு என்பது, அந்தக் காலத்துக்குள் அமெரிக்காவின் வாசலுக்குப் போய் நிற்கலாம் என்பதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது குடிநுழைவு அதிகாரிதான் முடிவு செய்கிறார். பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கிய ஓரிரு நாளில் இணையத்தில் அதை எடுத்து அச்சிட்டு, பிள்ளை வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அந்தத் தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால் மூன்றாண்டுத் தடையும், ஓராண்டும் அதற்கு மேலும் தங்கினால் பத்தாண்டுத் தடையும் வரும். நோய் போன்ற காரணத்தால் கூடுதல் காலம் தேவைப்பட்டால், தேதி முடிவதற்குள் ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

கேள்வி: டிக்கெட்டில் 15ஆம் தேதி அதிகாலை 3.50 என்று இருக்கிறது. எப்போது புறப்பட வேண்டும்?

14ஆம் தேதி இரவு சாப்பாடு முடிந்ததும் புறப்பட வேண்டும். சொல்லக் கேட்டால் எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கில் தவறியவர்களை நான் அறிவேன். எங்கள் தெருவில் ஒரு தம்பதி 15ஆம் தேதி முழுவதும் உறவினர்களை வரவழைத்து, விருந்து வைத்து, அன்றிரவு பத்து மணிக்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய விமானம் அதற்குப் பதினெட்டு மணி நேரம் முன்பே போய்விட்டிருந்தது. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. காலண்டரில் குறிக்கும்போது விமானத் தேதியை எழுதாமல், வீட்டு வாசலில் கார் வந்து நிற்க வேண்டிய தேதியையும் மணியையும் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

கேள்வி: நல்ல நேரம், சூலம் எல்லாம் பார்க்க வேண்டுமா? விமானம் அதிகாலை மூன்று மணிக்கு என்றால் எப்படிப் பார்ப்பது?

பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் நம்பிக்கை. பார்ப்பவர்களுக்கு நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன ‘பரஸ்தானம்’ என்ற வழி கைகொடுக்கும்: நாம் கிளம்பும் வேளை சரியில்லை என்றால், நல்ல வேளையில் ஒரு பையையாவது எடுத்துப் போய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டு, பிறகு போகும் வழியில் அதை எடுத்துக்கொள்வது. இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு, ஒரு நாள் முன்னதாகவே பெட்டி கட்டி முடிந்திருக்கும்.

சூலத்தைப் பொறுத்தவரை, திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளியும் ஞாயிறும் மேற்கு என்று தினசரிக் காலண்டரிலேயே போட்டிருப்பார்கள். அமெரிக்கா மேற்கே இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் உள்ள மீனம்பாக்கம் வடக்கே இருக்கிறது. எந்தத் திசையைக் கணக்கில் எடுப்பது என்று முதல் பயணத்தின்போது வீட்டில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அன்று புதன்கிழமை. கடைசியில், வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால் என்பதால், ஆளுக்கு அரை டம்ளர் பால் குடித்துவிட்டு, வழக்கம்போல் ‘போகிறோம்’ என்று சொல்லாமல் ‘போய்விட்டு வருகிறோம்’ என்று சொல்லிக் கிளம்பினோம்.

கேள்வி: வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது? யாரிடமும் கொடுக்காமல் பூட்டிவிட்டுப் போகக்கூடாதா?

ஒரு வாரப் பயணத்துக்கு அது சரி. ஆறு மாதத்துக்கு, உள்ளே நுழையக்கூடிய ஒருவர் ஊரில் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் முறை நாங்கள் யாரையும் சிரமப்படுத்த வேண்டாம் என்று எல்லாச் சாவிகளையும் எடுத்துக்கொண்டு போனோம். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீர் வெளியேறும் குழாயை வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டது. மாடியில் குளம்போல் நின்ற தண்ணீர் கூடத்து மேற்கூரை வழியாக இறங்கியது. வெளிச்சுவர் ஊறியிருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார், ஆனால் அவரால் கேட்டைக்கூடத் திறக்க முடியவில்லை. சாவி நியூ ஜெர்சியில் ஒரு மேசை இழுப்பறைக்குள் இருந்தது.

சாவி வைத்திருப்பவர் நெருங்கிய உறவினராக இருப்பதைவிட, நடந்து வரும் தூரத்தில் இருப்பவராக அமைவது முக்கியம் என்பது என் கருத்து. வேளச்சேரியில் இருக்கும் தம்பிக்கு அன்பு நிறைய இருக்கும், மழை நாளில் வண்டி எடுத்து வர முடியாது. சாவியோடு கூட ஒரு தாளில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோருடைய எண்களையும், மின் இணைப்பு எண்ணையும், மெயின் சுவிட்ச், தண்ணீர்க் குழாய் வால்வு ஆகியவை இருக்கும் இடத்தையும் எழுதிக் கொடுங்கள். சிறு செலவுக்கு ஐயாயிரம் ரூபாயும் கையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்டுச் செலவு செய்யும் சங்கடத்தை அவருக்கு வைக்காதீர்கள். வெளியூர் போவதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்தால் இரவு ரோந்தின்போது பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். பால் அட்டையையும் நாளிதழையும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வாசலில் குவியும் நாளிதழைப்போல ‘இங்கே யாரும் இல்லை’ என்று அறிவிக்கும் பலகை வேறில்லை.

கேள்வி: பூட்டுவதற்கு முன் வீட்டுக்குள் என்னென்ன செய்ய வேண்டும்?

கழிவறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் அதை நினைப்பதில்லை. பீங்கானின் வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுக்கும் மூடி. ஆறு மாதத்தில் அது வற்றிப்போகும். சாவி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை எல்லாக் கழிவறைகளிலும் குளியலறைத் துவாரங்களிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். அதற்கும் வழியில்லை என்றால், புறப்படும் அன்று கடைசியாகத் தண்ணீர் ஊற்றியபின் அதன்மேல் இரண்டு கரண்டிச் சமையல் எண்ணெயை விட்டு, துவாரங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடிச் செங்கல் வையுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதை வெகுவாகக் குறைக்கும். நாங்கள் முதல் முறை திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்த வாடையை என் மனைவி இன்றும் மறக்கவில்லை.

குளிர்பெட்டியை முழுக்கக் காலி செய்து, நிறுத்தி, ஈரம் போகத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி சுருட்டிய நாளிதழை இடையில் செருகி வையுங்கள். மூடிவைத்த குளிர்பெட்டிக்குள் கறுப்புப் பூசணம் பிடித்தால் எத்தனை முறை கழுவினாலும் அந்த மணம் போகாது. அரிசி, பருப்பு, ரவை, கோதுமை மாவு எதையும் ‘வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று டப்பாவில் விடாதீர்கள். வண்டு முதலில் டப்பாவிலும் பிறகு அலமாரியிலும் குடியேறும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டால் அவருக்கும் பயன்படும். அவருடைய ஆறு மாதச் சம்பளத்தை என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை வீட்டைக் கூட்டிப் பெருக்கச் சொல்வது இரு தரப்புக்கும் நல்ல ஏற்பாடு.

கேஸ் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுவிடுங்கள். பூஜை விளக்குகளில் எண்ணெயை வழித்தெடுத்துத் துலக்கித் துணியில் சுற்றி வையுங்கள், விட்டால் பிசுக்கு இறுகிவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் வால்வை மூடிவிட்டால் எந்தக் குழாய் சொட்டினாலும் கவலையில்லை. ஆனால் மோட்டாரை ஆறு மாதம் ஓட்டாமல் விட்டால் இறுகிவிடக்கூடும். மாதம் ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து ஊற்றிவிட்டுப் போங்கள். காரின் பேட்டரியில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டயரில் வழக்கத்தைவிடச் சிறிது கூடுதலாகக் காற்று அடைத்து, கைப்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைப்பது நல்லது. கைப்பிரேக் போட்டபடி விட்டால் ஒட்டிக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆவணி புரட்டாசிக்குள் மொட்டைமாடியைப் பெருக்கி, தண்ணீர் போகும் வாயைத் திறந்துவிட ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: மின் கட்டணம், சொத்து வரி போன்றவற்றுக்கு என்ன வழி?

இரண்டையும் இணையத்தில் எங்கிருந்தும் கட்டலாம். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள் என்பதால், மீட்டர் பூட்டிய கேட்டுக்குள் இருந்தால் மட்டும் சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சொத்து வரிக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்குகிறது. பயணம் மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை போவதாக இருந்தால், வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் ஏப்ரலில் வங்கிக்குத் தரும் படிவமும் நினைவில் இருக்கட்டும். இணையவழி வங்கிச் சேவையிலேயே அதைத் தரப் பல வங்கிகளில் வசதி உண்டு.

கேள்வி: நவம்பரில் நான் அங்கே இருப்பேன். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ்?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் பெறுவோர் எந்த மாதத்திலும் தரலாம், தந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். ஆகவே அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் தந்துவிட்டால் கவலை தீர்ந்தது. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் எந்த மாதம் என்பதைக் கருவூலத்தில் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜீவன் பிரமான் முறையில் கைபேசியின் கேமராவில் முகத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வசதி 2021 முதல் உள்ளது. அமெரிக்காவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகங்களிலும் சான்றிதழில் கையொப்பம் பெறலாம். முகப் பதிவை ஊரில் இருக்கும்போதே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்.

கேள்வி: இந்திய சிம்மை என்ன செய்வது?

உயிரோடு வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன எல்லா வேலைகளும் கடைசியில் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி-யில்தான் முடிகின்றன. சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிட்டு, ரீசார்ஜ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ஆனால் டேட்டா ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால் பில் எகிறும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிட விதியில் இடமுண்டு. துண்டித்த எண் பின்னர் வேறொருவருக்குப் போகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு மருந்து எடுத்துப் போகலாம்?

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவருவதே அமெரிக்காவில் பொதுவாக ஏற்கப்படும் வழக்கம். மீதிக்கு, இடையில் ஊரிலிருந்து வருபவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து வையுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் நம் ஊர்க் கம்பெனிப் பெயர்கள் அங்கே தெரியாது. நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமாலை அல்புட்டெரால் என்கிறார்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கறைக் குளிரில் உறைந்தால் அது கெட்டுவிடும். ஊசிக்கு மருத்துவர் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பார்வையாளர்களுக்குக் கிடையாது, ஆகவே காப்பீடு எடுக்காமல் போகவே கூடாது. மலிவான திட்டங்கள் பல, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்பே வரையறுத்த தொகையை மட்டும் தரும். மருத்துவமனை பில் அதைப்போலப் பல மடங்கு வரும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்களுக்கு எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறார்கள் என்ற பத்தியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: பெட்டியில் என்ன சாப்பாட்டுச் சாமான் எடுத்துப் போகலாம்?

சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, வற்றல், அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றை நாங்கள் ஒவ்வொரு முறையும் கொண்டுபோயிருக்கிறோம். பச்சைக் கருவேப்பிலை கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் பூச்சி அதில் தொற்றி வரும் என்பதால் அதற்குத் தடை. அரிசி, விதைகள், பழங்கள், காய்கள், இறைச்சி ஆகியவையும் வேண்டாம். கொப்பரையை விமானத்திலேயே ஏற்றுவதில்லை, எண்ணெய் நிறைந்த அது தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் இருக்கிறது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இறங்குவதாக இருந்தால் கசகசாவை மறந்துவிடுங்கள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அமெரிக்கச் சுங்கத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதிகம் போனால் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். மிக்ஸி வேண்டாம், அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகும்.

கேள்வி: நகை போட்டுக்கொண்டு போகலாமா?

குறைவாகப் போட்டுக்கொள்வதே நல்லது. அதிகம் கொண்டுபோனால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது அது வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம்.

கேள்வி: முழங்கால் வலி இருக்கிறது. சக்கர நாற்காலி கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். இடையில் விமானம் மாறும் பெரிய நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பது நம் ஊரில் இரண்டு பேருந்து நிறுத்த தூரம் இருக்கும். மொழிச் சிக்கல் உள்ளவர்களுக்கும், உதவிக்கு வருபவர் வழியைக் காட்டிக் கொண்டுபோய்விடுகிறார் என்பது பெரிய ஆறுதல்.

கேள்வி: பாதி வழியில் போகும்போது எதையோ மறந்துவிட்டதாகத் தோன்றினால்?

கட்டாயம் தோன்றும், எங்களுக்கு நான்கு முறையும் பல்லாவரம் தாண்டுவதற்குள் தோன்றியிருக்கிறது. பாஸ்போர்ட், மருந்துப் பை, கைபேசி ஆகிய மூன்றும் மடியில் இருந்தால் காரைத் திருப்ப வேண்டாம். கேஸ், மெயின் சுவிட்ச், பின்கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றைப் பூட்டும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை எங்கள் மருமகள் சொல்லிக் கொடுத்தாள். சந்தேகம் வந்தால் படத்தைப் பார்க்கலாம். போன முறை படத்தில் பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்தே இருந்தது. சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தோம், அவர் டார்ச்சோடு போய்ப் போட்டுவிட்டு, மொட்டைமாடி விளக்கும் எரிந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்.